சட்டம் படிச்சவை ஏன் கிளாக்கர் வேலைக்கு அலையினம்?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சனம் போய் முடிய மூண்டு மணியாச்சு. குசினிப் பின்வாசலில வெங்காயச் சாக்குக்கு மேல குந்தியிருந்து தேத்தண்ணி குடிச்சுக் கொண்டிருந்தனான். எங்கட கடையில மேசை பார்க்கிற பிள்ளையும் வந்து பக்கத்தில இருந்தா. இவவின்ர அப்பாவும் நானும் நியூயோர்க்குக்கு வந்த புதிசில ஒரே குசினியில கோப்பை கழுவின ஆக்கள். பிள்ளை இப்ப சட்டக் கல்லூரியில இரண்டாம் வருசம். வியாழன் பின்னேரமும் சனி ஞாயிறும் எங்கட கடையில வேலை.

"மாமா, எங்கட வகுப்பில கெட்டிக்காரர் எல்லாரும் கிளாக் வேலைக்கு விண்ணப்பம் போடுறதுக்கு ஆயத்தப்படுத்துகினம். நான் போடேல்லை" எண்டா.

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. "அப்புக்காத்துக்குப் படிச்சுப்போட்டு ஏன் பிள்ளை கிளாக்கர் வேலை?" எண்டு கேட்டன்.

என்னில பிழையில்லை. யாழ்ப்பாணத்தில கிளாக்கர் எண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியும். எங்கட அப்பாவின்ர காலத்தில கிளறிக்கல் சோதினை பாஸ் பண்ணினவனுக்குச் சீதனம் ஏறும். கொழும்புக் கந்தோர், மாதச் சம்பளம், பென்சன். அந்தக் கனவுக்கு 1956இல தனிச்சிங்களச் சட்டம் வந்து மண் அள்ளிப் போட்டது. சிங்களச் சோதினை எழுத மாட்டன் எண்டு நிண்ட கோடீஸ்வரன் எண்ட தமிழ்க் கிளாக்கருக்கு 1962இல சம்பள உயர்வை நிப்பாட்டினவங்கள். அவர் வழக்குப் போட்டார். 1964இல கொழும்பு மாவட்ட நீதிபதி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1967இல மேல்மன்றம் அதைத் தள்ளிச்சுது. 1969இல லண்டன் பிரிவிக் கவுன்சில் 'அரசாங்க ஊழியன் சம்பளத்துக்கு வழக்குப் போடலாம்' எண்டு சொல்லித் திருப்பி அனுப்பிச்சுது. மொழிச்சட்டம் சரியோ பிழையோ எண்ட கேள்விக்குக் கடைசிவரை மறுமொழி வரேல்லை. அப்பா இந்த வழக்கைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் சோறு ஆறிப் போகும். ஆக, கிளாக்கர் எண்ட சொல்லைக் கேட்டால் எனக்கு வாற ஞாபகம் அதுதான்.

பிள்ளை எனக்கு விளங்கப்படுத்தினா. இங்க 'லோ கிளாக்' எண்டால் வேற. சட்டம் படிச்சு முடிச்ச கையோட ஒரு வருசமோ இரண்டு வருசமோ ஒரு நீதிபதிக்குப் பக்கத்தில இருந்து வேலை செய்யிறது. வழக்குக் கட்டுகளை வாசிச்சுக் குறிப்பெழுதிக் குடுக்க வேணும். சட்டத்தைத் தேடிப் பார்க்க வேணும். தீர்ப்பின்ர முதல் வரைவைக் கூட அனேகமாக கிளாக்தான் எழுதிறது. இந்த வேலை செய்தவைக்குப் பிறகு எல்லாக் கதவும் திறக்கும். பேராசிரியராகலாம், பெரிய சட்டக் கம்பனிக்குப் போகலாம், நீதிபதியாகலாம்.

"அப்ப ஏன் பிள்ளை நீங்கள் போடேல்லை?"

"புரொபெசர்மாரிட்ட சிபாரிசுக் கடிதம் வேணும் மாமா. எனக்கு ஒருத்தரையும் பழக்கமில்லை. வகுப்பு முடிஞ்ச உடன ரெயின் பிடிச்சு இங்க ஓடி வாறனான். அது எங்களை மாதிரி ஆக்களுக்கு உள்ள வேலை இல்லை."

அந்தக் கடைசி வசனம் எனக்குக் குத்திப் போட்டுது. நானும் கம்பஸ் படிப்பைப் பாதியில விட்டிட்டு வந்தவன்தான். ஆனால் என்னைத் துரத்தினது யுத்தம். இந்தப் பிள்ளையை ஒருத்தரும் துரத்தேல்லை. தானாகவே வாசலோட திரும்பப் பார்க்குது. அண்டைக்கு இரவு வீட்டுக்குப் போய் வாசிக்கத் தொடங்கினன். பிறகு லைப்ரரியிலயும் புத்தகம் எடுத்து வாசிச்சன். வாசிச்சதைத்தான் இங்க எழுதிறன்.

இந்த வேலையைத் தொடக்கி வைச்சவர் ஹொரஸ் கிரே எண்ட நீதிபதி. மசாசூசெட்ஸ் மாநில நீதிமன்றத்தில இருக்கேக்கயே ஹாவார்டில படிச்ச பெடியளைச் செயலாளராய் வைச்சிருந்தவர். 1882இல அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பிறகும் அதே வழக்கம். சம்பளம் தன்ர சொந்தக் காசில. ஆளைத் தெரிவு செய்தது ஆர் தெரியுமோ? அவரின்ர தாய் வேறான, தகப்பன் வழித் தம்பி ஜோன் சிப்மன் கிரே. அவர் ஹாவார்டில சட்டப் பேராசிரியர். தம்பி ஆளைப் பார்த்து அனுப்புவார், தமையன் வேலைக்கு வைப்பார். விண்ணப்பமும் இல்லை, சோதினையும் இல்லை. 1886இல காங்கிரஸ் ஒவ்வொரு உச்ச நீதிபதிக்கும் ஒரு எழுத்தருக்குச் சம்பளம் ஒதுக்கிச்சுது. 1919இல சட்டக் கிளாக் எண்ட பதவி தனியாய் வந்தது. காசு அரசாங்கத்தின்ர காசாய் மாறிச்சுது. ஆளைத் தெரிவு செய்யிற விதம் மட்டும் அண்ணன் தம்பி காலத்து விதமாகவே இருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேணும். எங்கட நாட்டில தரப்படுத்தல் வந்தபோது அது கடதாசியில இருந்தது. இன்ன இனத்துக்கு இத்தினை புள்ளி எண்டு எழுதியிருந்தது. அதைக் காட்டிக் கத்தலாம், ஊர்வலம் போகலாம். இங்க அப்பிடி ஒரு கடதாசியும் இல்லை. கறுப்பர் வரக்கூடாது, பெண்கள் வரக்கூடாது எண்டு ஒரு சட்டத்திலயும் எழுதேல்லை. ஒரு நீதிபதி தன்ர அறையில ஆரை வைச்சிருக்கிறது எண்டது அவரின்ர சொந்த விருப்பம். மக்ரெனோல்ட்ஸ் எண்டு ஒரு நீதிபதி 1914 தொடக்கம் 1941 வரைக்கும் இருந்தவர். யூதர் வேண்டாம், பெண்கள் வேண்டாம், சுருட்டுப் பத்திறவன் வேண்டாம், கலியாணம் கட்டினவன் வேண்டாம் எண்டு தனக்கெண்டு ஒரு பட்டியலே வைச்சிருந்தவர். ஆரும் ஏனெண்டு கேக்கேலாது. எழுதாத சட்டத்துக்கு எதிராய் வழக்குப் போடேலாது பாருங்கோ.

இனி வில்லியம் கோல்மன் எண்டவரின்ர கதைக்கு வருவம். 1920இல பிலடெல்பியாவில பிறந்த கறுப்பர். அவர் பள்ளிக்கூடத்தில படிக்கேக்க ஒரு ரீச்சர் 'நீ வளர்ந்து நல்ல கார் டிரைவராய் வருவாய்' எண்டு சொன்னா. பெடியன் ஆத்திரத்தில ரீச்சரை ஏசிப்போட்டு இடைநிறுத்தமும் வாங்கினான். நீச்சல் அணியில சேரக் கேட்டபோது கறுப்புப் பெடியனோட ஒரே தண்ணியில இறங்க விருப்பமில்லாமல் பள்ளிக்கூடம் அந்த அணியையே கலைச்சுப் போட்டுது. அவர் படிச்சு வெளியேறின பிறகு அணியைத் திரும்பத் தொடங்கிச்சினம்.

அந்தப் பெடியன் ஹாவார்ட் சட்டக் கல்லூரிக்குப் போய், இடையில யுத்தத்துக்குப் படையிலயும் இருந்திட்டு வந்து, 1946இல வகுப்பில முதலாவதாய்ப் பாஸ் பண்ணினார். முதலாவதாய் வந்த வெள்ளைப் பெடியன் எண்டால் கம்பனிகள் வீட்டு வாசலில வந்து நிக்கும். கோல்மனுக்கு அவரின்ர சொந்த ஊர்ச் சட்டக் கம்பனிகளில வேலை இல்லை. ஹேர்பேர்ட் குட்ரிச் எண்ட மேன்முறையீட்டு நீதிபதி 1947இல கிளாக்காய் எடுத்தார். பிறகு ஹாவார்ட் பேராசிரியர் போல் ப்ரோய்ண்ட், உச்ச நீதிபதி பீலிக்ஸ் பிராங்பேர்ட்டருக்கு இவரின்ர பேரைச் சொன்னார். 1948இல கோல்மன் உச்ச நீதிமன்றத்துக்குள்ள போனார். அந்த நீதிமன்றத்தின்ர முதலாவது கறுப்பினக் கிளாக் அவர்தான்.

பிராங்பேர்ட்டரும் எங்களை மாதிரி வந்தேறிதான். வியன்னாவில பிறந்த யூதப் பெடியன். 12 வயசில நியூயோர்க்கில வந்து இறங்கேக்க ஒரு சொல்லு இங்கிலீசு தெரியாது. நிறம் தனக்கு ஒரு பொருட்டில்லை எண்டு சொல்லித்தான் கோல்மனை எடுத்தவர்.

நான் சாப்பாட்டுக் கடைக்காரன். அதனால ஒரு சாப்பாட்டுக் கதையும் சொல்ல வேணும். உச்ச நீதிமன்றக் கட்டிடத்தின்ர முகப்பில சட்டத்தின் கீழ் எல்லாருக்கும் சம நீதி எண்டு பெரிசாய்ச் செதுக்கியிருக்கு. கோல்மன் அந்த வாசலால உள்ள போய் நாட்டின்ர ஆகப் பெரிய வழக்குகளுக்குக் குறிப்பெழுதினார். மத்தியானம் வெளியில வந்தால் வோஷிங்டன் நகரத்தின்ர அனேக சாப்பாட்டுக் கடைகளில அவருக்கு மேசை இல்லை. ஒருநாள் கூட வேலை செய்த எலியட் ரிச்சட்சனோட ஒரு பெரிய ஹோட்டலில சாப்பிட நினைச்சு, கறுப்பருக்கு இடமில்லை எண்டு தெரிஞ்ச பிறகு, கடைசியில ரெயில் ஸ்டேசனுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கினம்.

இதுக்கு ஒரு வழக்கு வேண்டி வந்தது. மேரி சேர்ச் டெரெல் எண்ட கறுப்பினத் தாய் 1950இல, 86 வயசில, நகர மத்தியில இருந்த தொம்சன் எண்ட சாப்பாட்டுக் கடைக்கு ஆக்களைக் கூட்டிக்கொண்டு போனா. தட்டில சாப்பாட்டை எடுத்தா, பரிமாற மாட்டம் எண்டினம். 1872இலயும் 1873இலயும் இயற்றின பழைய நகரச் சட்டங்கள் இரண்டு இருந்தது. கடைக்காரர் நிறம் பார்க்கக் கூடாது எண்டு அதில எழுதியிருந்தது. ஒருத்தரும் அதை ரத்துச் செய்யேல்லை, மறந்து போச்சினம், அவ்வளவுதான். 1953 ஜூன் 8ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் இப்பவும் உயிரோட இருக்கு எண்டு தீர்ப்புச் சொல்லிச்சுது. அதுக்குப் பிறகுதான் வோஷிங்டன் சாப்பாட்டுக் கடைகள் திறந்தது. மேசை துடைக்கிற நான் இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசிச்சன்.

ஒரு கிளாக் உள்ளுக்க இருந்தால் என்ன, இல்லாட்டி என்ன எண்டு நீங்கள் கேக்கலாம். 1952இல பள்ளிக்கூடங்களில கறுப்பரையும் வெள்ளையரையும் பிரிச்சு வைக்கிறது பற்றின வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஜக்சனுக்கு ஒரு இளம் கிளாக் குறிப்பு எழுதிக் குடுத்தான். பிரிச்சு வைக்கலாம் எண்ட 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பு சரியானது, அதையே உறுதிப்படுத்த வேணும் எண்டு அந்தக் குறிப்புச் சொல்லிச்சுது. அந்தக் கிளாக்கின்ர பேர் வில்லியம் ரென்கிஸ்ட். பின்னாளில 1986 தொடக்கம் 2005 வரைக்கும் அமெரிக்காவின்ர பிரதம நீதியரசர். அது தன்ர கருத்தில்லை, ஜக்சனின்ர கருத்தைத்தான் எழுதினனான் எண்டு 1971இல சொன்னார். வரலாற்றாசிரியர் கனபேர் அதை நம்பேல்லை. அதே வழக்கில வெளியில நிண்டு, தேர்குட் மார்ஷலுக்கு வாதம் எழுத உதவி செய்தவர்களில எங்கட கோல்மன் ஒருத்தர். 1954இல மார்ஷல் பக்கம் வெண்டுது. ஜக்சனும் அந்தப் பக்கம்தான் கையெழுத்து வைச்சார். ஆனாலும் நீதிபதியின்ர காதுக்குக் கிட்ட இருந்து கதைக்கிறவர் எந்த வீட்டில பிறந்தவர் எண்டது சின்ன விசயமில்லை.

சரி, கோல்மன் கதவைத் திறந்திட்டார், பின்னால வரிசையாய் ஆக்கள் போயிருப்பினம் எண்டு நினைக்கிறியளோ? நானும் அப்பிடித்தான் நினைச்சன். இரண்டாவது கறுப்பினக் கிளாக் டைரோன் பிறவுண். வருசம் 1967. கணக்குப் பாருங்கோ, 19 வருசம்.

பெண்களின்ர கணக்கு அதைவிட மோசம். முதல் பெண் கிளாக் லூசில் லோமன், 1944இல, நீதிபதி டக்ளசிட்ட. ஆம்பிளைப் பெடியள் எல்லாம் யுத்தத்துக்குப் போன படியால்தான் அவவுக்கு இடம் வந்தது. யுத்தம் முடிஞ்சுது, கதவும் பூட்டிச்சுது. அடுத்த பெண் 1966இல. 22 வருசம்! முதல் கறுப்பினப் பெண் கேரன் ஹேஸ்டி வில்லியம்ஸ் 1974இல. அதுக்கு மார்ஷல் தானே உச்ச நீதிபதியாய் வந்திருக்க வேண்டியிருந்தது.

இதுக்குள்ளதான் ரூத் பேடர் கின்ஸ்பேர்க்கின்ர கதை வருது. 1959இல கொலம்பியாவில வகுப்பில முதலிடத்தை இன்னொருத்தரோட பகிர்ந்து வெளியில வந்தவ. யூதப் பெண், நாலு வயசுப் பிள்ளைக்குத் தாய். ஒருத்தரும் வேலை குடுக்கேல்லை. அவவின்ர பேராசிரியர் ஜெரால்ட் குந்தர், நியூயோர்க் மாவட்ட நீதிபதி பல்மியேரியிட்டப் போய் நிண்டார். இந்தப் பெண் சரிவராட்டி மாற்றாய் ஒரு ஆம்பிளையை அனுப்புறன், ஆனால் இவவுக்குச் சந்தர்ப்பம் குடுக்காட்டி இனிமேல் கொலம்பியாவில இருந்து ஒரு பெடியனும் உம்மட்ட வரமாட்டான் எண்டு வெருட்டியே போட்டார். பல்மியேரி எடுத்தார். எடுத்த பிறகு இரண்டு வருசம் வைச்சிருந்தார். அதே நேரம் உச்ச நீதிமன்றத்துக்கும் இவவின்ர பேரைச் சொன்னவை. அந்த நீதிபதி, பெண்ணைக் கிளாக்காய் வைக்கத் தான் இன்னும் ஆயத்தமில்லை எண்டு மறுத்திட்டார்.

அந்த நீதிபதி ஆர் தெரியுமோ? பிராங்பேர்ட்டர். கோல்மனுக்குக் கதவைத் திறந்த அதே பிராங்பேர்ட்டர்.

இதை வாசிச்சிட்டுக் கனநேரம் யோசிச்சுக் கொண்டிருந்தன். ஒரு கதவைத் திறந்த மனிசன் எல்லாக் கதவையும் திறப்பான் எண்டில்லை. எங்கட ஆக்களிலயும் சிங்களவன் எங்களை ஒதுக்கினான் எண்டு கண்ணீர் விட்டுக் கதைச்சுப்போட்டு, சாதி கேட்டுப் பொம்பிளை எடுக்கிறவையைக் கண்டிருக்கிறன். ஒதுக்கப்பட்டவன் எண்ட ஒரே காரணத்துக்காக ஒருத்தன் நல்லவனாகிறதில்லை. அவன் ஒவ்வொரு வாசலிலயும் திருப்பித் திருப்பி யோசிக்க வேண்டியிருக்கு.

அப்பிடி யோசிச்ச ஒருத்தரைப் பற்றியும் எழுத வேணும். டேமன் கீத். டிட்ராயிட்காரர், அடிமைகளின்ர பேரன். சட்டம் படிச்சு முடிச்சிட்டு, வக்கீல் சோதினைக்குப் படிச்சுக் கொண்டே ஒரு பத்திரிகைக் கந்தோரில கக்கூசு கழுவினவர். அங்க வந்த ஒரு வெள்ளைக்காரர் கையில இருந்த புத்தகத்தைப் பார்த்து என்ன வாசிக்கிறாய் எண்டு கேட்டார். சட்ட அகராதி, நான் வக்கீலாய் வரப்போறன் எண்டார் கீத். அந்தாள் சிரிச்சுப்போட்டு, நீ தொடர்ந்து நிலத்தைத் துடை எண்டு சொல்லிட்டுப் போனார். 1967இல கீத் மத்திய அரசின்ர நீதிபதியானார். அரசாங்கம் பிடியாணை இல்லாமல் தொலைபேசியை ஒட்டுக் கேக்கேலாது எண்டு 1971இல அவர் சொன்ன தீர்ப்பை அடுத்த வருசம் உச்ச நீதிமன்றமும் சரியெண்டது. இண்டைக்கும் அதைக் 'கீத் வழக்கு' எண்டுதான் சொல்லினம். அதைவிட எனக்குப் பெரிசாய்ப் படுறது அவர் கிளாக்காய் எடுத்த ஆக்கள். கறுப்பர், பெண்கள் எண்டு மற்ற நீதிபதிமார் ஏறெடுத்தும் பார்க்காத ஆக்களைத் தேடித் தேடி எடுத்தார். பின்னாளில ஹாவார்டில பேராசிரியரான லானி கினியர், மிச்சிகன் ஆளுநரான ஜெனிபர் கிரான்ஹோம், அவரோடயே ஒரே நீதிமன்றத்தில நீதிபதியாய் இருந்த எரிக் கிளே எல்லாரும் அவரின்ர அறையில வேலை பழகினவை. 2019இல, 96 வயசில, இறந்தார்.

உச்ச நீதிமன்றம் அவ்வளவு கெதியாய் மாறேல்லை. 1998இல ஒரு பத்திரிகை கணக்கெடுத்துப் பார்த்தது. அப்ப இருந்த ஒன்பது நீதிபதிமாரும் அதுவரைக்கும் எடுத்த 394 கிளாக்குகளில கறுப்பர் 2 வீதத்துக்கும் குறைவு. ரென்கிஸ்ட் அதுவரை ஒருத்தரைக்கூட எடுக்கேல்லை. நீதிமன்ற வாசலில ஆர்ப்பாட்டம் நடந்தது, கைதும் நடந்தது. 2017இல திரும்பக் கணக்கெடுத்தினம். 2005க்குப் பிறகு வந்த 487 பேரில கறுப்பர் 20 பேர். பழங்குடி ஒண்டில பதிவான முதல் ஆள், சிக்கசோ இனத்தைச் சேர்ந்த டோபி யங், கிளாக்காய் வந்தது 2018இல.

இது ஏன் இவ்வளவு முக்கியம் எண்டால், இண்டைக்கு உச்ச நீதிமன்றத்தில இருக்கிற ஒன்பது பேரில ஆறு பேர் முந்தி அதே நீதிமன்றத்தில கிளாக்காய் இருந்தவை. 2022இல வந்த முதல் கறுப்பினப் பெண் நீதிபதி கெட்டாஞ்சி பிறவுண் ஜக்சனும் அப்பிடித்தான். மூண்டு நீதிபதிமாரிட்டக் கிளாக்காய் இருந்தவ. கடைசியாய் இருந்தது பிரெயரிட்ட. பிரெயர் விலகின கதிரையிலதான் இண்டைக்கு இருக்கிறா. கிளாக் இருக்கிற முக்காலிக்கும் நீதிபதி இருக்கிற கதிரைக்கும் இடையில அவ்வளவு கிட்டத் தூரம்.

கோல்மனுக்கு என்ன நடந்தது எண்டும் சொல்லி முடிக்கிறன். உச்ச நீதிமன்றத்தால வந்த பிறகும் பிலடெல்பியாக் கம்பனிகள் அவரை எடுக்கேல்லை. 1949இல நியூயோர்க்கில ஒரு கம்பனி எடுத்தது. அந்தாள் பிலடெல்பியாவில இருந்து ரெயினில வந்து போய் வேலை செய்தார். 1975இல அமெரிக்காவின்ர போக்குவரத்து அமைச்சரானார். கார் டிரைவராய் வருவாய் எண்டு சொன்ன ரீச்சருக்கு இதைவிடப் பெரிய மறுமொழி கிடையாது. 2017இல காலமானார்.

இவ்வளவையும் வாசிச்ச பிறகு எனக்கு விளங்கினது ஒண்டு. கோல்மனும் கின்ஸ்பேர்க்கும் வகுப்பில முதலாவது. கெட்டித்தனம் முதலே இருந்தது. அது மட்டும் காணாமல் போனது. ஒரு புரொய்ண்டும் ஒரு குந்தரும் வாய் திறந்து அவையின்ர பேரைச் சொன்ன பிறகுதான் கதவு அசைஞ்சது. பேரைச் சொல்ல ஆளில்லாமல் வீட்டுக்குப் போன கெட்டிக்காரர் எத்தினை பேரோ, அவையைப் பற்றி ஒரு புத்தகத்திலயும் இல்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைக்குப் பேர் சொல்ல மாமனும் சித்தப்பனும் இருக்கினம். எங்கட பிள்ளையளுக்கு ஆசிரியர் ஒருத்தர்தான் வழி. ஆனால் அந்த ஆசிரியருக்கு எங்கட பிள்ளையின்ர பேர் முதல் தெரிய வேணுமே! நாங்கள் பிள்ளையளுக்குப் படி படி எண்டு சொல்லிக் குடுத்தம். புத்தகத்தை மூடிப்போட்டுப் போய்க் கதவைத் தட்டிக் கதை எண்டு சொல்லிக் குடுக்கேல்லை. பெரிய ஆக்களைத் தொந்தரவு செய்யக் கூடாது எண்டுதான் பழக்கினம்.

போன ஞாயிறு பிள்ளையிட்ட இந்தக் கதையள் எல்லாம் சொன்னன். வெண்டிக்காய் வெட்டி முடியிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தா. நம்பினவவோ தெரியாது. "கோல்மன் வகுப்பில முதலாவது மாமா, நான் பதினேழாவது" எண்டா. கீத் கக்கூசு கழுவேக்க எத்தினையாவது எண்டு ஆரும் கேக்கேல்லைப் பிள்ளை எண்டன். பிறகு மெல்லக் கேட்டன், அந்தப் புரொபெசர்மார் மாணவரைச் சந்திக்கிற நேரம் எப்ப எண்டு. ஒருத்தர் வியாழன் பின்னேரம் நாலு தொடக்கம் ஆறு வரைக்கும் கந்தோரில இருப்பாராம். அது இவவின்ர வேலை நேரம்.

இரண்டாம் வருசம் முடிஞ்சு ஜூன் மாசத்திலதான் நீதிபதிமாருக்கு விண்ணப்பம் போகும். இடையில இன்னும் கொஞ்ச வியாழக்கிழமையள் கிடக்கு. முதலாளியிட்டக் கதைச்சிட்டன். வியாழன் பின்னேரம் குசினியால வெளியில வந்து மேசையும் நான்தான் பார்க்கிறன். பழக்கமில்லாத வேலை, முதல் கிழமையே ஒரு மேசைக்குப் போக வேண்டிய கொத்துரொட்டியை இன்னொரு மேசையில வைச்சு ஏச்சு வாங்கினனான்.

பரவாயில்லை. பிள்ளை அண்டைக்கு ஆறரைக்குத்தான் வந்தவ. என்ன நடந்தது எண்டு நான் கேக்கேல்லை. அவவாய்ச் சொன்னா: "மாமா, அவர் என்ர பேரை எப்பிடிச் சொல்லுறது எண்டு இரண்டு தரம் கேட்டவர்."